குடிக்காமல் வைத்த கிண்ணம்

சதுப்பில் வளரும் சம்பங்கோரையின் கதிர் உதிர்க்கிற நாட்களில் அந்தத் தீவில் யாரும் துணி துவைத்து உலர்த்துவதில்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மஞ்சள் பொடி பறந்துவந்து அப்பிக்கொள்ளும். எருமைகளின் முதுகில் மஞ்சள், வள்ளங்களின் விளிம்பில் மஞ்சள், குழந்தைகளின் மூக்கு நுனியில் மஞ்சள். நாணல் பாயில் உட்கார்ந்து நஷ்மியா கதிர்களைக் கொத்துக் கொத்தாக எடுத்துக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தாள். பூந்தாது உதிர மெல்லத் தட்டினாலே போதும். அவள் தட்டிய தட்டில் கதிரே பிளந்துபோனது.

"அடியே, அது சம்பங்கதிரு. முதஷ்ஷரோட மண்டைன்னு நினைச்சுக்கிட்டியா?" என்றாள் பக்கத்துத் தீவு வப்ரியா, சல்லடையை ஆட்டிக்கொண்டே.

"அவன் மண்டையா இருந்தா ஒண்ணுமே உதிராதே அத்தை. உள்ள ஏதாவது இருந்தாத்தானே உதிரும்?"

வப்ரியா சிரித்த சிரிப்பில் சல்லடையிலிருந்த பொடியில் பாதி அவள் மடியிலேயே கொட்டியது.

"சிரிங்க, நல்லா சிரிங்க," என்றாள் நஷ்மியாவின் அம்மா மதாரா. பானையின் வாயில் துணி கட்டி, சர்க்கரை கலந்த பூந்தாதை அதன்மேல் பரப்பி, ஆவியில் வேகவைத்துக்கொண்டிருந்தாள். "தண்ணிக்குக் காது உண்டு. இங்க சிரிச்சா அங்க கேக்கும். இன்னைக்கு ஒரு நாளாவது நாக்கைக் கட்டி வெய்டி. அந்தப் பெரிய மனுஷங்க நமக்காக அங்க போய் உக்காந்திருக்காங்க."

அங்கே என்றால் எதிர்த் தீவு. நடுவில் ஒரு வள்ளம் கழி ஊன்றிப் போகிற அகலத்துக்குத்தான் தண்ணீர். அந்தக் கரையில் பெரியப்பா மகன் முதஷ்ஷரின் முதீஃப், விருந்தாளிகளுக்கான நாணல் கூடம், கவிழ்த்துப் போட்ட பெரிய ஓடம்போல வளைந்து நின்றது. அதன் வாசலில் கீல் பூசிய வள்ளங்கள் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு கிடந்தன. ஒன்று சையத் முஹைசினுடையது. நபியின் வழிவந்தவர் என்று அந்தச் சதுப்பு முழுவதும் அவர் கையை முத்தமிடும். இன்னொன்று, நஷ்மியாவைப் பெண் கேட்டிருக்கும் லஃப்தாவின் அப்பாவுடையது. இவர்கள் எல்லோரும் சேர்ந்து முதஷ்ஷரிடம் ஒரு வார்த்தையைத் திருப்பி வாங்கப் போயிருந்தார்கள்.

அந்த வார்த்தைதான் நஹ்வா.

சித்தப்பா மகள்மேல் பெரியப்பா மகனுக்கு முதல் உரிமை. அவன் கட்டிக்கொள்ளலாம். கட்டிக்கொள்ளாமல், வேறு எவனும் கட்டக் கூடாது என்று தடுத்தும் வைக்கலாம். நஹ்வா என்று ஒரு தடவை வாயால் சொன்னால் போதும். அதை மீறிப் பெண்ணெடுக்க வருகிறவன், துப்பாக்கிக்கு மார்பைக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். வெள்ளம் வருவதுபோல இதுவும் வருகிறது என்று எல்லோரும் இருந்தார்கள். நஷ்மியாவுக்குத்தான் அப்படி இருக்க முடியவில்லை.

முதல் தடவை கபாயிஷ் ஊரிலிருந்து பாய் முடைகிற வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். "சித்தப்பா மகளை வெளியே குடுப்பேனா? நானே கட்டிக்கறேன்" என்றான் முதஷ்ஷர். அவளும் இரண்டு வெள்ளக் காலம் பொறுத்தாள். அதற்குப் பிறகு அவன் வேறொரு குலத்து ஷேக்கின் தம்பி மகளைத் துப்பாக்கி வெடிச் சத்தத்தோடு கூட்டிவந்தான். அந்தக் கல்யாணத்துக்கு அரிசி ரொட்டி சுட்டவர்களில் நஷ்மியாவும் ஒருத்தி. சரி, இனியாவது விட்டான் என்று பார்த்தால், விடவில்லை. அடுத்து ஒருவன் வந்தபோது "யோசிச்சுச் சொல்றேன்" என்றான். அவன் யோசித்து முடிப்பதற்குள் வந்தவனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்துவிட்டன.

ஒரு நாள் வள்ளத்தை அவன் வள்ளத்துக்குக் குறுக்கே விட்டு நேருக்கு நேராகவே கேட்டாள். "உனக்கும் வேண்டாம், இன்னொருத்தனுக்கும் கூடாதுன்னா, நான் என்ன உன் வீட்டுப் படல் கதவா, சும்மா சாத்தியே வெக்கிறதுக்கு?"

அவன் கோபப்படக்கூட இல்லை. மீசையைத் தடவிச் சிரித்தான். "நீ எங்க குலத்து மானம். மானத்தை அவ்வளவு சுளுவா வெளியே விட்டுடுவாங்களா?"

அந்தச் சிரிப்பைத்தான் அவள் இன்றைக்கு ஒவ்வொரு கதிராகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

லஃப்தாவை அவள் பார்த்தது போன இலையுதிர் காலத்தில். எருமைகளுக்கு இளநாணல் அறுத்து வள்ளம் தண்ணீர் மட்டத்துக்கு அமிழும் அளவுக்கு ஏற்றியிருந்தாள். அண்ணன் தம்பி இல்லாத வீடு. அப்பா சாய்ஹூதின் காலைக் காட்டுப்பன்றி கிழித்ததிலிருந்து அறுப்பு வேலை அவள் தலையில்தான். திரும்பும்போது கழி சேற்றில் சிக்கிக்கொண்டது. வள்ளம் ஒரு பக்கம், கழி ஒரு பக்கம். நாணல் சந்திலிருந்து ஒரு வலைக்காரன் வந்தான். கழியைப் பிடுங்கினான், ஆனால் உடனே நீட்டவில்லை.

"வலைக்காரன் கை பட்ட கழி. வேணுமா, வேண்டாமா?"

"கழிக்கு என்ன குலம்? குடு இப்படி."

"வலைக்காரன் கை?"

"அதைப் பத்தி உன் அம்மாவ வந்து பேசச் சொல்லு," என்று சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்துத் திடுக்கிட்டு, கழியை வாங்கி ஊன்றிக்கொண்டு வந்தவள்தான். அவன் அம்மா நிஜமாகவே வந்து நின்றாள்.

சாய்ஹூதுக்கும் மதாராவுக்கும் பையனைப் பிடித்திருந்தது. முதஷ்ஷருக்கு மறுக்கக் காரணம் கையிலேயே கிடைத்தது. ஈட்டியால் குத்தி மீன் எடுப்பவன் மனிதன், வலை போட்டு அள்ளுகிறவன் அரை மனிதன் என்பது அந்தக் குலங்களில் எருமைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

"ஃபித்தா வர்றா பாரு," என்றாள் வப்ரியா.

நஷ்மியாவின் தங்கை ஃபித்தாவுக்குப் பதினோரு வயது. கூடத்துச் சமையலுக்கு எருமைப்பால் ஆடை கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் அனுப்பியிருந்தார்கள். அவள் வள்ளத்தைக் கரையில் மோதவிட்டு, காலித் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் மஞ்சள்.

"குடிக்கலையே! யாருமே குடிக்கலையே!"

"மூச்சு விட்டுச் சொல்லுடி," என்றாள் மதாரா.

ஃபித்தா தட்டைத் தலைப்பாகைபோல நேராக்கிக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தாள். குரலைக் கரகரப்பாக்கினாள். "'முதஷ்ஷர், நாங்க எதுக்கு வந்திருக்கோம்னு உனக்குத் தெரியும்.' இது சையத். 'முதல்ல காபி குடிங்க சையத், பேசறது எங்க ஓடிப்போகுது?' இது அவன். உடனே சையத் கிண்ணத்தை இப்படிக் கீழ வெச்சாரு. அவரு வெச்சதும் எல்லாரும் வெச்சாங்க. டக், டக், டக்குன்னு. அப்பாவும் வெச்சாரும்மா! கடைசியாத்தான், ஆனா வெச்சாரு."

மதாரா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். காபிக் கிண்ணத்தைக் குடிக்காமல் தரையில் வைத்துவிட்டால், கேட்டதைக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்று பொருள். கிண்ணம் அப்படியே இருக்க விருந்தாளி எழுந்து போய்விட்டால், அந்தக் கூடத்துக்காரன் பிறகு எந்தக் கரையிலும் தலை நிமிர்ந்து இறங்க முடியாது.

"அப்புறம்?"

"'எங்க வீட்டுப் பொண்ணு மீன் செதில்ல படுக்கணுமா? ஈட்டி பிடிக்கத் தெரியாத பசங்களுக்கா குடுக்கறது?'ன்னு கத்தினான். அப்போ லஃப்தாவோட அப்பா இருக்காருல்ல, அவரு ரொம்ப மெதுவா, 'ஐயா, போன வாரம் ஷேக் வந்தப்போ உங்க கூடத்துல வெச்ச மீன்ல ஒண்ணுலகூட ஈட்டி ஓட்டை இல்லையேங்க'ன்னாரு."

வப்ரியா தொடையில் தட்டிக்கொண்டாள். "சொன்னாரா! அந்த மனுஷனுக்குப் பொண்ணு குடுத்தே ஆகணும்!"

"கூடத்துல எல்லாரும் தாடிக்குள்ள சிரிச்சாங்க. முதஷ்ஷர் முகம் சுட்ட மீன் மாதிரி ஆயிடுச்சு. அதுக்குள்ள சமையக்காரி என்னைத் துரத்திட்டா."

அதற்குமேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிர்க்கரையில் துப்பாக்கி வெடித்தது. ஒன்று, அதைத் தொடர்ந்து சரமாரியாக. நாணலுக்குள்ளிருந்து நீர்க்காக்கைகள் கூட்டமாக எழும்பின. முதஷ்ஷர் வார்த்தையை இறக்கிவிட்டான். கிண்ணங்கள் காலியாகிவிட்டன. வப்ரியா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். சுற்றுத் தீவுகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகக் குலவையைத் தொடர்ந்தார்கள். மதாரா மகளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் பானைத் தண்ணீர் வற்றி, துணியின் ஓரம் கருகியது. நஷ்மியா மட்டும் கையில் கட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அத்தனை வருஷக் கோபத்தை இனி எங்கே இறக்கி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாய்ஹூத் வீடு திரும்பியபோது நொண்டுகிற காலும் துள்ளியது.

"நாளைக்குக் காலைல ஃபாத்திஹா ஓதிப் பேசி முடிச்சிடலாம்னு சையத் சொல்லிட்டாரு. நம்ம வீட்டுல! கேட்டியா மதாரா, முதஷ்ஷர் என் தோள்ல கை போட்டு, 'சித்தப்பா, நானும் வந்து உக்காருவேன்'னான். பகையெல்லாம் போச்சு."

"அவன் எதுக்கு வர்றான்?" என்றாள் நஷ்மியா.

"எதுக்கா? அண்ணன் மகன். வராம இருப்பானா?"

"கொடுத்த கை உடனே தோள்மேல ஏறுதுன்னா, அதுல ஏதோ இருக்குப்பா."

"உனக்கு எல்லாத்துலயும் பன்றிதான் தெரியும்," என்று சாய்ஹூத் சிரித்தார். "கிழிபட்டவன் நான். எனக்கே பயமில்லை."

மறுநாள் காலை வீடே நெருப்பும் புகையுமாக இருந்தது. பெரிய மீன்களை முதுகுப்பக்கம் பிளந்து, நாணல் தீயைச் சுற்றிக் குச்சியில் நிறுத்தியிருந்தார்கள். வப்ரியா சோற்றுப் பானையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் எப்போதும் டீதான். காபி கொதிக்கிற கெண்டியும் இரண்டு சின்னக் கிண்ணங்களும் பக்கத்துத் தீவில் இரவல் வாங்கியவை. கொட்டையை வறுத்து இடித்ததுகூடச் சாய்ஹூத் தன் கையால்தான். பெண்கள் அந்தக் காபியைத் தொடுவதில்லை.

லஃப்தா வீட்டார் வந்து இறங்கினார்கள். எல்லோரும் உள்ளே போனபிறகு வள்ளத்தைக் கட்டுகிற சாக்கில் லஃப்தா பின்தங்கினான். நஷ்மியா தண்ணீர் மொள்ளுகிற சாக்கில் கரைக்கு வந்தாள்.

"என்ன, அரை மனுஷன் வந்தாச்சா?"

"மீதிப் பாதியைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. உள்ள போய் இப்படியே பேசுவியா?"

"உள்ள எங்க மாமா என் தொடையைக் கிள்ளிக்கிட்டே உக்காந்திருப்பாரு. பெரியவங்க முன்னால வாயைத் திறந்தா அவ்வளவுதான்."

"அப்போ வாயை இங்கயே வெச்சிட்டுப் போ. நான் பாத்துக்கறேன்," என்றாள். அவன் சிரித்துக்கொண்டே குனிந்து உள்ளே போனான்.

ஒரே வீடுதான். நடுவில் நெல் மூட்டைகளை அடுக்கி, மேலே ஒரு நாணல் பாயைத் தொங்கவிட்டால் இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். நஷ்மியா பாயின் இடுக்கில் கண்ணை வைத்தாள். தீயைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முதஷ்ஷர் தன் ஆட்கள் இருவரோடு சையத்துக்குப் பக்கத்தில், வெள்ளை அங்கியும் துப்பாக்கியுமாக. சாய்ஹூத் நொண்டி நொண்டிச் சுற்றிவந்து தானே காபி ஊற்றினார். சையத் குடித்தார். லஃப்தாவின் அப்பா குடித்தார். முதஷ்ஷரின் முறை வந்தது. கிண்ணத்தை வாங்கினான். மோந்து பார்த்தான்.

பாயின்மேல் தனக்கு முன்னால் வைத்தான்.

சாய்ஹூத் புரியாமல் குனிந்தார். "ஏம்ப்பா, சூடா இருக்கா?"

"சூடு சரியாத்தான் இருக்கு சித்தப்பா. நேத்து என் கூடத்துல நீங்க எல்லாரும் கிண்ணத்தைக் கீழ வெச்சீங்க. நான் மறுத்தேனா? இன்னைக்கு உங்க வீட்டுல நான் விருந்தாளி. நானும் வெக்கிறேன்."

"உனக்கு இல்லாததா? கேளு."

"சின்னவ ஃபித்தா. அவளை எங்க வீட்டுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

சாய்ஹூதின் கையிலிருந்த கெண்டி சாய்ந்து, காபி தீயில் சொட்டிச் சீறியது.

"அவ குழந்தைப்பா. யாருக்குக் கேக்கறே?"

"யாருக்குன்னு அப்புறம் பாத்துக்கலாம். என் தம்பியாவும் இருக்கலாம், என் பையன் வளர்ந்து அவனாவும் இருக்கலாம். நானாவும் இருக்கலாம். இப்போ வார்த்தை மட்டும் போதும். குலத்துப் பொண்ணுல ஒண்ணு வெளியே போகுதுன்னா இன்னொண்ணு உள்ள நிக்கணும். நியாயம் கேக்கறேன், பிச்சை கேக்கலை."

நஷ்மியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாராவது ஒருவர் எழுந்து கத்துவார் என்று காத்திருந்தாள். முதஷ்ஷரின் ஆட்கள் தலையாட்டினார்கள். அதுகூடப் பரவாயில்லை. லஃப்தாவின் அப்பா, நேற்று ஈட்டி ஓட்டையைப் பற்றிப் பேசிய மனிதர், பெருமூச்சு விட்டுக் கால்களை மாற்றிப் போட்டார். தன் காரியம் கெடாது என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. சையத் தாடியை நீவிக்கொண்டார்.

"சாய்ஹூத், நேத்து அவன் கொடுத்தான். இன்னைக்கு அவன் கேக்கறான். நேருக்கு நேராத்தான் இருக்கு. வார்த்தைதானே? பொண்ணு வளர இன்னும் எத்தனையோ வெள்ளம் வடியணும்."

"சையத்..." என்று லஃப்தா தொடங்கினான். மாமா அவன் தொடையை அழுத்தினார். அவன் அந்தக் கையைத் தள்ளிவிட்டான். "சையத், இப்படி ஒரு விலைக்கு எனக்கு..."

"சின்னவங்க சும்மா இருங்க," என்றார் சையத். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் பொறுக்க முடியவில்லை.

பாயின் இந்தப் பக்கத்தில் மதாரா தலைத்துணியின் நுனியை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். வப்ரியா அகப்பையோடு உறைந்து நின்றாள். ஃபித்தா மூட்டைமேல் சாய்ந்து, நேற்று வேகவைத்த மஞ்சள் மிட்டாய்க் கட்டியை நக்கிக்கொண்டிருந்தாள். தன் பெயர் அடிபட்டதைக் கேட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "என்னை எதுக்குக் கூப்பிடறாங்க?"

வார்த்தைதானே. நஷ்மியாவுக்குக் காது அடைத்தது. அவளைக் கட்டிப்போட்டிருந்ததும் வெறும் வார்த்தைதான். கயிறு என்றால் அறுக்கலாம், பூட்டு என்றால் உடைக்கலாம். அந்த வார்த்தையோடு அவள் நாணல் அறுத்தாள், சாணி தட்டினாள், மற்றவர்கள் கல்யாணத்துக்கு ரொட்டி சுட்டாள். வார்த்தை அவளுக்கு முன்னால் எழுந்து, அவளுக்குப் பின்னால் படுத்தது. இப்போது அதை அவள் கழுத்திலிருந்து அவிழ்த்து அதே சூட்டோடு ஃபித்தாவின் கழுத்தில் மாட்டுகிறார்கள். மாட்டிவிட்டு, எல்லோரும் உட்கார்ந்து அவள் சுட்ட மீனைத் தின்னப்போகிறார்கள்.

பாய்க்கு அப்பால் அப்பாவின் குரல் கேட்டது. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது. "கிண்ணத்தை வெச்சிட்டே... விருந்தாளி கிண்ணத்தை வெச்சிட்டா நான் என்ன..."

நஷ்மியா தலைத்துணியை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

"எங்கடி போறே?" என்று மதாரா கையைப் பிடிப்பதற்குள் அவள் பாயை விலக்கிவிட்டாள்.

ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணப் பெண், ஃபாத்திஹா ஓதுகிற நாளில், மாப்பிள்ளை வீட்டார் நடுவில். முதஷ்ஷரின் ஆட்களில் ஒருவன் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் முதஷ்ஷரின் முன்னால் குனிந்து, பாய்மேல் இருந்த கிண்ணத்தை எடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தாள். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"பைத்தியமாடி உனக்கு?" முதஷ்ஷர் பாதி எழுந்துவிட்டான். "அது என் கிண்ணம்!"

"குடிக்காம வெச்சிருந்தியே. ஆறிப்போகுதுன்னு எடுத்தேன்." அவள் சையத்தின் பக்கம் திரும்பினாள். "சையத், நான் ஒண்ணு கேக்கறேன். கிண்ணத்தைக் கீழ வெக்கிறவன் கேக்கறவன். குடிக்கிறவனுக்குக் கேட்டது கிடைச்சாச்சுன்னு அர்த்தம். அப்படித்தானே?"

"அப்படித்தான். ஆனா..."

"குடிச்சது நான். அப்போ கேட்டது கிடைச்சது எனக்கு. நான் கேக்கறது இதுதான். ஃபித்தா மேல ஒருத்தன் வார்த்தையும் இருக்கக் கூடாது. இந்த வீட்டு வார்த்தையும் கூடாது, அந்த வீட்டு வார்த்தையும் கூடாது. அது இல்லைன்னா எனக்கு இந்தக் கல்யாணமும் வேண்டாம். என் தங்கச்சி தலைமேல மிதிச்சு ஏறி நான் அந்த வள்ளத்துல உக்கார மாட்டேன்."

"பொம்பளைக்கு ஏது கிண்ணம்?" முதஷ்ஷர் இரைந்தான். "எந்தக் கூடத்துல பொம்பளை கிண்ணம் எடுத்துக் கேட்டிருக்கா? சையத், இதைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்களே!"

"கேக்க விடலை, அதனால கேக்கலை," என்றாள் நஷ்மியா. "உன் கூடத்துல என்னைப் பத்திப் பேசறப்போ எல்லாருக்கும் கிண்ணம் இருந்துச்சு. எனக்கு மட்டும் இல்லை. வருஷக்கணக்கா நீ பேசினே, நான் உன் கல்யாணத்துக்கு மாவு பிசைஞ்சேன். இப்போ இவளும் பிசையணுமா?"

சையத் நெற்றியைத் தேய்த்தார். "அம்மா, இப்படி ஒரு வழக்கம் நான் பார்த்ததில்லை. கிண்ணம் கேக்கறதும் கொடுக்கறதும் விருந்தாளிக்கும் வீட்டுக்காரனுக்கும் நடுவுல. வீட்டுக்காரன் சொல்லட்டும்."

எல்லோரும் சாய்ஹூதைப் பார்த்தார்கள்.

சாய்ஹூத் மகளைப் பார்த்தார். அண்ணன் மகனைப் பார்த்தார். அந்த மனிதர் தன் வாழ்க்கையில் அண்ணனுக்கு எதிராகவோ, அண்ணன் மகனுக்கு எதிராகவோ ஒரு பேச்சு பேசியதை யாரும் கேட்டதில்லை. எருமை மேயும் நாணல் காடு அவன் பங்கு. வெள்ளம் வந்தால் தீவை உயர்த்த ஆள் அனுப்புகிறவன் அவன். நஷ்மியாவுக்கு அது எல்லாம் தெரியும். அப்பா தலையைக் குனிந்துகொள்வார் என்றே எதிர்பார்த்தாள். அப்படிக் குனிந்தால் என்ன செய்வது என்று மட்டும் அவளிடம் யோசனை இல்லை.

அவர் குனிந்தார். கெண்டியைத் தூக்கத்தான் குனிந்தார். நல்ல காலை ஊன்றிக்கொண்டு, மகள் கையிலிருந்த கிண்ணத்தை நிமிர்த்தி, அதில் காபி ஊற்றினார்.

"என் வீடு," என்றார். "என் அடுப்பு. கொட்டையை வறுத்தது நான். என் வீட்டுல யாரு குடிச்சாலும் அவங்க என் விருந்தாளி. குடும்மா. நீ கேட்டதைக் கொடுத்தேன்."

அவள் அதையும் குடித்தாள்.

"யோசிச்சுக்கங்க சித்தப்பா," முதஷ்ஷர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "நேத்து நான் இறக்கின வார்த்தையை இன்னைக்கே மறுபடி ஏத்துவேன்."

"ஏத்து பார்க்கலாம்," என்றார் சையத். இந்தத் தடவை அவர் குரலில் கோபம் இருந்தது. ஃபித்தாவுக்காக வராத கோபம் தன் தலைப்பாகைக்காக வந்தது. "அதை என் கையில கொடுத்தே. நான் குடிச்சேன். திருப்பி வாங்கறதா இருந்தா, என் வயித்துலேர்ந்து காபியை வாங்கிட்டுப் போ."

முதஷ்ஷர் வாசலில் குனிந்து வெளியேறினான். "உங்க எருமை இனிமே எந்த நாணலை மேயுதுன்னு பார்க்கறேன்," என்ற குரல் தண்ணீரின்மேல் வந்தது. அவனுடைய ஆட்களும் தின்னாமலே எழுந்து போனார்கள்.

"மேயட்டும், எங்க பக்கம் ஓட்டிட்டு வாங்க," என்றார் லஃப்தாவின் அப்பா, யார் முகத்தையும் பார்க்காமல். "நாங்க வலைக்காரங்க. எருமை எங்க மேஞ்சாலும் எங்களுக்கு மானம் போகாது."

மூட்டைக்கு அப்பாலிருந்து வப்ரியாவின் குரல் பாய்ந்தது. "அதைக் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே பெரியவரே! அப்போ வாயில என்ன, முள்ளு மாட்டிக்கிச்சா?"

அவர் ஒரு நாணலை ஒடித்துத் தீயில் போட்டார். லஃப்தா மட்டும் நிமிர்ந்து நஷ்மியாவைப் பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது. அவள் அவனைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. பாதி வாக்கியமாவது சொன்னானே என்று ஒரு பக்கம் நினைத்துக்கொண்டாள். மீதிப் பாதியைச் சொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம் நினைத்துக்கொண்டாள்.

சையத் கைகளை ஏந்தினார். ஃபாத்திஹா தொடங்கியது.

பாய்க்கு இந்தப் பக்கம் வந்ததும் நஷ்மியா மூட்டையோடு சரிந்து உட்கார்ந்தாள். மதாரா அவள் தலையை மார்போடு இறுக்கிக்கொண்டு, திட்டுகிறாளா ஆசீர்வதிக்கிறாளா என்று தெரியாமல் ஏதேதோ முணுமுணுத்தாள். வெளியே குச்சியில் நின்ற மீன்களை யாரும் திருப்பாததால் ஒரு பக்கம் தீய்ந்துகொண்டிருந்தது.

ஃபித்தா பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நடந்தது எல்லாம் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கிய ஒன்றைக் கேட்டாள்.

"அக்கா, ஆம்பளைங்க காபி எப்படி இருந்துச்சு?"

நஷ்மியா உதட்டைப் புறங்கையால் துடைத்தாள். நாக்கின் அடியில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கசப்புடி. வாயில வெக்க முடியாத கசப்பு," என்றாள். "இதைக் குடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை காலமா நம்மளைப் பேசி முடிச்சிருக்காங்க."